பீடத்தின் முன் எட்டு வாழைக்கன்றுகள்

1

சென்ற சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். ஒரு வாழை மரத்தின் அடியிலை. ஓரம் முழுக்க மஞ்சள், நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை. கீழே தமிழில் தட்டியிருந்தார்: "மெர்சி டீச்சர் வீட்டு வாழை. நாளைக்கு அறுப்பின் பண்டிகை. இதோட பக்கக் கன்னு ரெண்டைத் தோண்டி சபைக்குக் கொண்டுபோக வெச்சிருக்காங்க. என்ன பண்றது ரெஜி?"

நான் இங்கே, ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார். போன வருடம் இதே பண்டிகையில் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவளே நான்தான்.

மைசூரில் எங்கள் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால், அவரவர் வீட்டில், நிலத்தில் விளைந்ததை எடுத்துவந்து பீடத்தின் முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஆலய வளாகத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், முட்டை, முருங்கைக் கட்டு, சேவல் எல்லாம் வரும். எங்கள் வீட்டிலிருந்து எப்போதும் வாழைக்கன்று. அப்பா ஓய்வு பெற்ற பிறகு நஞ்சன்கூடு சாலையில் ஒன்றரை ஏக்கர் வாங்கி ரசபாளை போட்டார். தமிழ்நாட்டு வாசகர்கள் ரஸ்தாளியை நினைத்துக்கொள்ளலாம், அதற்கு நெருங்கிய சொந்தம். அப்பாவுக்குப் பிறகு அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாமுவேல் அண்ணன் அதைப் பார்த்துக்கொள்கிறார். சபையில் பாதிப் பேர் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழை எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான்.

2

நான் மைசூரில் பன்னிரண்டு வருடம் அறிவியல் ஆசிரியை. கணவருக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்து வந்தோம். என் பட்டத்தை ஏற்றுக்கொள்ள, நான் படித்த பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு கேட்டார்கள். அனுப்பினேன். முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். மறுபடியும் அனுப்பினேன். பதில் வருவதற்குள் ஒரு வாழைப் பண்ணையில் காய் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது பண்ணையின் வாசலில் எனக்கு வேலை.

வாசலில் என்ன வேலை என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே வருகிறவர்களின் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வைப்பது, மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்க வைப்பது, வண்டிச் சக்கரத்தில் மண் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புவது. முதல் வாரம் ஒரு லாரி ஓட்டுநரிடம் 'காலைக் கழுவு' என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சாக்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பரிதாபமாக நின்றார்.

இந்தக் கெடுபிடி எல்லாம் ஒரு பூஞ்சைக்காக. வாடல் நோய். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, மரத்துக்குள் தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடும். இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, மடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். மருந்து கிடையாது. மண்ணில் இறங்கிவிட்டால் பல வருடம் உயிரோடு இருக்கும். எங்கள் பண்ணையிலிருந்து இரண்டாவது பண்ணையில் அது வந்தபோது, குலை தள்ளி நின்ற மரங்களைக் கொன்று போட்டதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பண்ணைக்காரர் பல வருடம் பேசிப் பழகியவர். அன்று அவரிடம் கை கொடுக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரி கொல்லையிலிருந்து ஒரு கன்று கேட்டு வாங்கி நட ஆசைப்பட்டேன். அதற்கும் விண்ணப்பம். 'கன்று எங்கிருந்து பெறப்பட்டது' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி, 'நல்ல சிநேகிதி' என்றும் சேர்த்திருந்தேன். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, சிநேகம் எல்லாம் சரி, அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்து வந்ததா என்று பொறுமையாகக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் ஊரில் கன்றைக் கையால்தான் கொடுப்பார்கள், காகிதத்தால் கொடுப்பதில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் வைத்துவிட்டேன்.

3

போன வருடம் பண்டிகைக்கு மைசூர் போனேன். மகள் ரூத் வரவில்லை, பரீட்சை என்றாள். போய் மூன்றாவது நாள் காலை, காபி குடிக்கும்போது, ஆஸ்திரேலியாவில் உருவாக்கியிருக்கும் வாழையைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். காட்டு வாழை ஒன்றிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துக் கடையில் விற்கும் வாழைக்குள் வைத்திருக்கிறார்கள். வாடல் நோயைத் தாங்குகிறது. வளர்க்கலாம், தின்னலாம் என்று அரசு அனுமதி கொடுத்திருக்கிறது, கடைக்கு இன்னும் வரவில்லை.

"பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக் கையை ஆட்டினார் அண்ணன். "வேற எதையாச்சும் பேசு. கர்த்தர் படைச்சதுல ஊசி போடுற வேல நமக்கு எதுக்கு?"

"ஊசி இல்லண்ணா. வாழைல இருந்து வாழைக்குத்தான்."

"இப்ப வாழைம்பான், நாளைக்குத் தவளைம்பான்."

"எச்.டி. கோட்டைப் பக்கம் விளையுற பருத்தி எல்லாம் மரபணு மாத்தினதுதான். அந்தக் கொட்டைப் பிண்ணாக்கைத் தின்ன மாட்டுப் பாலுதான் உன் டம்ளர்ல இருக்குன்னு வெச்சுக்கோ."

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். ஆனால் குடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பருத்திக்காரனத்தான் தெனம் பாக்கறேனே. வருஷா வருஷம் வெதைக்குக் கடையில நிக்கிறான். முதல்ல புழு வராதுன்னாங்க. இப்ப புழுவும் வந்தாச்சு. வெதையும் அவனோடது இல்ல."

அவர் சொன்னது பொய் இல்லை. அந்த நேரம் பார்த்து ரூத் வீடியோவில் வந்தாள். அவள் எந்தப் பொட்டலத்தையும் லேபிளைப் படிக்காமல் வாயில் வைக்காதவள். மாமா சொல்வதுதான் சரி, பத்து இருபது வருடம் கழித்து உடம்பில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று இங்கிலீஷில் வாதாடினாள். அவளுக்குத் தமிழ் முழுதாக வராது, அண்ணனுக்கு அவள் உச்சரிப்புப் பிடிபடாது. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தோற்கடித்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன பண்ணையை இவர்கள் இருவரும் பார்த்ததில்லை.

நான் அந்த வாழையைத் தின்பேனா என்று கேட்டால், தின்பேன். பரிசோதித்திருக்கிறார்கள், வாழையிலிருந்து வாழைக்குப் போனது, அதில் எனக்குப் பயம் குறைவு. என் பயம் வேறு. அந்த மரபணு என்ற ஒரே காவல்காரனை நம்பி ஊர் முழுக்க ஒரே மரத்தை நட்டு, ஒரு நாள் பூஞ்சை அவனையும் தாண்டிவிட்டால்? அந்தக் கன்று யாருக்குச் சொந்தம்? இதையெல்லாம் அன்று நிதானமாகப் பேசியிருக்கலாம். பருத்திக் கொட்டையை இழுத்து வம்பு பேசியதோடு நிறுத்திவிட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு முன்பே அண்ணன் எட்டுக் கன்றுகளைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வரிசையாகச் சாய்த்துவைத்தார். வேர் மண்ணோடு சாக்கில் கட்டியவை. கடைசிக் கன்றின் கிழங்கு பெரிதாக இருந்ததால், சாக்குக்குள் அடங்கட்டும் என்று அண்ணி ஒரு பக்கத்தை அரிவாளால் சீவியிருந்தார். பூ அலங்காரத்துக்கு உதவப் போன நான், சாக்கு விலகிக் கிடக்கிறதே என்று குனிந்து சரிசெய்தேன்.

சீவிய இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகள், வட்டமாக. பண்ணை வாசலில் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பதும் இதுதான். ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆராதனையில் என்ன பாடினோம் என்று நினைவில்லை. போதகர் படைப்பில் மனிதன் கை வைப்பதைப் பற்றிப் பேசினார். அண்ணன் முந்தின நாள் அவரிடம் எங்கள் காபி விவாதத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து அண்ணன் லேசாகச் சிரித்தார். நான் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன. நோய் இருக்கும் கன்று அப்படித்தான் இருக்கும், மாதக்கணக்கில் வெளியே காட்டாது.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் சாமுவேல் நோய் பிடித்த கன்றைக் கடவுளுக்குப் படைத்தான் என்று ஆகும். அண்ணன் பழத்தைவிடக் கன்று விற்றுத்தான் தோட்டத்தை நடத்துகிறார். கன்று வாங்க வருகிறவர்கள் அடுத்த வாரமே நின்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால், எட்டுக் கன்றும் எட்டு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து பக்கத்து நிலத்துக்கு. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்ததில் ஏலம் தொடங்கிவிட்டது.

முதல் கன்றுக்கு நான் வாய் திறக்கவில்லை. யோசித்துக்கொண்டே நின்றேன். அதை மெர்சி டீச்சர் எடுத்தார். என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர், நஞ்சன்கூடு சாலையில் புது வீடு கட்டியிருக்கிறார். அவர் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயியின் ரசபாளைத் தோட்டம். கன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது கன்றிலிருந்து நான் விலை கேட்க ஆரம்பித்தேன். யார் என்ன சொன்னாலும் அதற்கு மேலே சொன்னேன். மூன்று, நான்கு. முதலில் சிரித்தார்கள். ஐந்தாவதுக்கு முணுமுணுப்பு வந்தது. "ஆஸ்திரேலியாக் காசு பேசுது" என்று பின்னால் ஒருவர் சொன்னது நன்றாகக் கேட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் மனைவியின் ஆசைக்காக ஏழாவது கன்றுக்குக் கடைசிவரை போராடினான். அவனையும் விடவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது.

அண்ணன் அருகில் வந்து, உதடு அசையாமல் கேட்டார்: "உனக்குக் கன்னு வேணும்னா தோட்டத்துல பத்து தோண்டித் தரேன். இங்க வந்து எதுக்கு என் மானத்த வாங்கற?"

எட்டாவதையும் நானே எடுத்தேன்.

5

வீட்டுக் கொல்லையில் வைத்து ஏழு கன்றுகளின் கிழங்கையும் வெட்டிக் காட்டினேன். நான்கில் அந்தச் செம்பழுப்பு வட்டம் இருந்தது. அண்ணன் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். அடியிலை மஞ்சளானதைத் தோட்டத்தில் பார்த்ததாகவும், சாம்பல் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வைத்ததாகவும் சொன்னார். "நல்லாருக்கிற ஓரத்துலருந்து பாத்துப் பாத்துத்தானே எடுத்தேன். இருக்கறதுல நல்லதத்தானே சபைக்குக் கொண்டுவந்தேன்."

பிறகு தலையைத் தூக்கினார். "நீதான் கொண்டுவந்திருப்ப."

"என்னது?"

"வாழைப் பண்ணைல வேலை. வந்த அன்னிக்கே தோட்டத்துக்குள்ள நடந்த. உன் ஷூவுல ஒட்டிட்டு வந்திருக்கும்."

மூன்று நாளில் இப்படி ஆகாது, மாதங்கள் பிடிக்கும் என்றேன். ஆஸ்திரேலியப் பூஞ்சையும் நஞ்சன்கூட்டுப் பூஞ்சையும் ஒரே குடும்பம் என்றாலும் வகை வேறு என்றேன். பயணத்துக்கென்று பெட்டி பிரிக்காத புதுச் செருப்பு வாங்கி வந்ததையும் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனாலும் அன்று முழுக்க அந்தச் செருப்பின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் சொன்னது என்னை அவ்வளவு பயமுறுத்திவிட்டது.

கன்றுகளைக் காயவைத்து எரித்தோம். மெர்சி டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்றேன். "சொல்லாத" என்றார் அண்ணி. நான் கிளம்பும்வரை அண்ணன் என்னோடு பேசவில்லை.

திரும்பி வந்த பிறகு மனசு கேட்காமல் டீச்சரைக் கூப்பிட்டேன். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல், அந்தக் கன்றில் ஏதோ குறை இருக்கலாம், எடுத்துப் போட்டுவிடுங்கள், நல்லதாக வேறு வாங்கித் தருகிறேன் என்று சுற்றி வளைத்தேன்.

"ஏழு எடுத்தும் உனக்கு ஆசை தீரலையா ரெஜினா?" என்றார். "அந்த ஒண்ணு என்கிட்ட இருக்கறது அவ்ளோ உறுத்துதா? ஆலயத்துல எடுத்த கன்னும்மா அது. தூக்கிப் போட மாட்டேன்."

6

இந்த ஒரு வருடத்தில் அண்ணன் தோட்டத்தில் பாதி போய்விட்டது. விழுந்த இடத்தில் நெல் போட்டிருக்கிறார். கன்று விற்பதை அவரே நிறுத்திவிட்டார். வாங்க வருகிறவர்களிடம் கன்று இல்லை என்று மட்டும் சொல்கிறாராம். ஏன் இல்லை என்று சொல்வதில்லை. மேட்டுப் பக்கம் மிஞ்சிய மரங்களைச் சுற்றி வேலி கட்டி, வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறார். போதகர் பார்க்க வந்தபோது அவரையே செருப்பைக் கழற்றிக் காலை முக்க வைத்தார் என்று அண்ணி சொன்னார். தோட்டத்துக்கு என்று ஒரே மண்வெட்டி, இரவல் கிடையாது. அதில் அக்கம்பக்கத்தாருக்குக் கோபம்.

என்னோடு மறுபடி எப்போது பேச ஆரம்பித்தார் என்றால், சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவராகவே கூப்பிட்டு, "அந்த மரபணு வாழை என்னாச்சு?" என்று கேட்டார். அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் இதே கேள்வி. அது ரசபாளை இல்லை, ரசபாளைக்கு அப்படி யாராவது செய்வார்களா என்றே தெரியாது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "சும்மா கேட்டேன்" என்பார். ரூத் இதைக் கேட்டுவிட்டு, மாமா பக்கம் மாறிவிட்டாரா என்றாள். பக்கம் மாறவில்லை, தோட்டம் மாறிவிட்டது என்றேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதியது எது வந்தாலும் வாசலில் நிறுத்தி நூறு கேள்வி கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தெரிந்த கை நீட்டுகிறது என்பதற்காகவே பழையதை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறோம். அந்தக் கைகளில் ஒன்று என் அண்ணனுடையது என்பதால் எனக்கு இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

7

சனிக்கிழமை படத்துக்கு வருகிறேன். "டீச்சர்கிட்ட நீயே சொல்லிடுண்ணா" என்று எழுதினேன். பதில் இல்லை. ஞாயிறு மைசூரில் ஆராதனை முடியும் நேரம் இங்கே பிற்பகல் நான்கு மணி. கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எடுத்தேன். அண்ணன் பேசவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. கூட்டத்தின் சத்தம், குழந்தை அழுகை, ஏலம் விடுபவர் தொண்டையைச் செருமுவது எல்லாம் கேட்டது.

பிறகு அண்ணன் குரல், ரொம்பப் பக்கத்தில்.

"ஏலத்துக்கு முன்ன ஒரு வார்த்த. டீச்சர் கொண்டுவந்த இந்த ரெண்டு கன்னு என் தோட்டத்துக் கன்னோட பிள்ளைங்க. என் தோட்டத்துல வாடல் நோய் இருக்கு. டீச்சர் வீட்டு மரத்துலயும் அது வந்திருக்கு, நேத்து பார்த்தேன். இத யாரும் எடுத்துட்டுப் போகாதீங்க."

அண்ணன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"போன வருஷமே இருந்துச்சு. நான் கண்டுக்கல. என் தங்கச்சி கண்டுபிடிச்சா. ஏழு கன்னையும் அவ எடுத்தது காசுத் திமிர்ல இல்ல. என் பேரைக் காப்பாத்த எடுத்தா. எடுத்துட்டுப் போய் எரிச்சோம். ஒரு வருஷமா நீங்க அவளத் திட்டும்போதெல்லாம் நான் வாய மூடிட்டு இருந்தேன்."

நான் அழுதேன். சத்தம் அங்கே கேட்டுவிடக் கூடாதென்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

மெர்சி டீச்சரின் குரல் வந்தது. கோபமா, துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. "இத எரிக்கணுமா, புதைக்கணுமா சாமுவேல்? சுவத்துக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு நான் என்ன சொல்றது?"

"நான் வரேன் டீச்சர். அவர்கிட்டயும் நானே சொல்றேன்."

சிறிது நேரம் கழித்து அண்ணன் போனைக் காதுக்கு எடுத்தார். வளாகத்தின் ஓரமாக வந்துவிட்டிருந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேண்ணா."

"அந்த வாழை ரசபாளைலயும் என்னிக்காச்சும் வந்துச்சுன்னா நான் தின்பேன், ரெஜி. நட்டும் பாப்பேன். ரூத்கிட்ட சொல்லு, பயம் போயிடல, இருக்கு. ஆனாலும் பாப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அதுல பக்கக் கன்னு வந்தா, அறுப்புப் பண்டிகைக்குக் கொடுக்க விடுவாங்களா?"

அந்தக் கன்று விண்ணப்பம் ஞாபகம் வந்தது. 'கன்று எங்கிருந்து பெறப்பட்டது' என்ற அந்தக் கட்டமும், அதில் நான் எழுதிய பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும்.

"விட மாட்டாங்கன்னுதான் நெனக்கிறேன்."

"அப்ப அது எதுக்கு?"

"தின்றதுக்குண்ணா."

அண்ணன் போனை வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஏலம் தொடங்கியிருந்தது. யாரோ ஒரு பூசணிக்காய்க்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.